ஆயத்தொலைவு எதற்கு உரியது? சோழர்கால ஊர்த்தரவுகளை இடஞ்சார் தரவுத்தளத்தில் சேமிக்கும் முறை: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சோழர்காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் வரும் ஊர்களை நிலப்பட மென்பொருளில் பதிவுசெய்யும் ஆய்வுகளில், ஓர் ஊருக்கு ஒரு வரிசை, ஒரு வரிசைக்கு ஒரு புள்ளி என்ற ஒற்றை அட்டவணை பரவலாகக் கையாளப்படுகிறது. இவ்வமைப்பு சான்று கூறுவதையும் ஆய்வாளர் ஊகிப்பதையும் ஒரே வரிசையில் கலந்துவிடுகிறது என்பதை ஆனைமங்கலச் செப்பேடு, உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வளநாட்டுப் பெயர்மாற்றங்கள் ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை காட்டுகிறது. ஆயத்தொலைவைச் சான்றுக்குரிய ஊரோடு இணைக்காமல், அவ்வூரை இன்றைய இடமொன்றாக அடையாளங்காணும் கூற்றோடு இணைத்துச் சேமிக்கவேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: இடஞ்சார் தரவு, தொடர்புசார் தரவுத்தளம், போஸ்ட்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ், சோழர் கல்வெட்டு, நாடு, வளநாடு, நான்கெல்லை, ஆனைமங்கலம்.

முன்னுரை

சோழர்காலச் சான்றுகளில் ஊர்ப்பெயர் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. இன்ன வளநாட்டு, இன்ன நாட்டு, இன்ன ஊர் என்ற தொடரின் கடைசியிலேயே அது நிற்கும். இத்தொடர்களைத் திரட்டி, ஊர்களை இன்றைய நிலப்படத்தில் இனங்கண்டு, அவற்றின்வழி நாடுகளின் பரப்பை வரையறுத்தவர் ஒய். சுப்பராயலு. சோழநாட்டின் அரசியல் நிலவியலைப் பற்றிய அவரது ஆங்கில நூல் 1973இல் வெளிவந்தது. 1978இல் நொபோரு கராஷிமா, சுப்பராயலு, தொரு மட்சுய் ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்குக் கணினியின் துணையோடு சொல்லடைவு வெளியிட்டனர். பின்னர்ப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தென்னிந்திய வரலாற்று நிலப்படத் திட்டம் இவ்வாய்வு மரபைப் புவித் தகவல் முறைமைக்குள் கொண்டுவந்தது. இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் மென்பொருளைக் கொண்டு முனைவர் பட்ட ஆய்வாளர் எவரும் தம் மடிக்கணினியிலேயே ஒரு வட்டாரத்தின் கல்வெட்டு ஊர்களைப் புள்ளிகளாக இட்டுவிட முடிகிறது.

இந்த எளிமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அது ஒரு பழக்கத்தையும் உடன் கொண்டுவந்துள்ளது. ஊர்ப்பெயர், நாடு, வளநாடு, அரசர், ஆண்டு, அட்சரேகை, தீர்க்கரேகை எனத் தலைப்பிட்ட ஓர் அட்டவணை நிரப்பப்படுகிறது. அது மென்பொருளில் ஏற்றப்பட்டதும் புள்ளிகள் தோன்றுகின்றன. நாட்டின் பெயருக்கேற்பப் புள்ளிகளுக்கு வண்ணம் தரப்படுகிறது. அந்த வண்ணப்படம் ஆய்வேட்டில் இடம்பெற்ற பின், அடுத்த ஆய்வாளருக்கு அதுவே சான்றாகிவிடுகிறது. கல்வெட்டுப் பாடத்தை வாசிப்பதில் ஓர் எழுத்தின் ஐயத்தையும் பகர அடைப்பில் காட்டும் ஒழுக்கம் நம் கல்வெட்டியலுக்கு உண்டு. ஆனால், அப்பாடத்திலிருந்து புள்ளி பிறக்கும் இடத்தில் அவ்வொழுக்கம் கைவிடப்படுகிறது.

அட்டவணையும் வடிவப் புலமும்

இடஞ்சார் தரவு எவ்வாறு சேமிக்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாக நோக்குவது இவ்விடத்தில் தேவையாகிறது. ரிலேஷனல் டேட்டாபேஸ் என வழங்கும் தொடர்புசார் தரவுத்தளத்தின் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் வெளியிட்டார். அவர் ‘ரிலேஷன்’ எனக் குறித்தது கணக் கோட்பாட்டுச் சொல். அட்டவணை ஒன்றே ஒரு ரிலேஷன். தமிழில் ‘தொடர்பு’ என மொழிபெயர்த்ததால் அட்டவணைகளுக்கு இடையிலான பிணைப்பையே அது குறிப்பதாகப் பலரும் கொள்கின்றனர். பிழையான புரிதல்தான், எனினும் கல்வெட்டு ஆய்வுக்கு அப்பிழை பயன்படக்கூடியது. ‘இன்ன நாட்டு இன்ன ஊர்’ என்பது காட் கருதிய பொருளில் ஒரு வரிசையாகவும், தமிழ்ச்சொல் தரும் பொருளில் ஒரு தொடர்பாகவும் ஒருங்கே அமைகிறது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நீட்சியாக 2001இல் கனடாவின் ரிஃப்ராக்‌ஷன்ஸ் ரிசர்ச் நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஜிஐஎஸ், எண், எழுத்து, நாள் ஆகிய புலவகைகளோடு வடிவம் என்னும் புலவகையையும் சேர்த்தது. புள்ளி, கோடு, பலகோணம் ஆகியவற்றை ஏனைய தரவைப் போலவே ஒரு கட்டத்துக்குள் வைக்க அதனால் இயன்றது. ஒவ்வொரு வடிவத்துடனும் அது எந்த ஆயமுறையில் அமைந்தது என்பதைச் சொல்லும் எண் ஒன்று இணைந்திருக்கும். உலகளாவிய அட்ச, தீர்க்கரேகைகளுக்கு 4326. தஞ்சை, நாகை வட்டாரங்களை மீட்டரில் அளக்க உதவும் 44ஆம் வடக்கு மண்டலத்துக்கு 32644. கேரி ஷெர்மன் 2002இல் தொடங்கிய கியூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ் தரவைத் திரையில் காணும் கருவியாகவே முதலில் கருதப்பட்டது. ஆகவே இவ்விரண்டும் தொடக்கம் முதல் ஒன்றையொன்று நோக்கி வளர்ந்தவை.

போஸ்ட்ஜிஐஎஸ் தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் எதிர்பார்க்கும். பேச்சு வழக்கின்படி வரிசையை மாற்றி இட்டால் 10.77 வடக்கு, 79.84 கிழக்கில் உள்ள நாகப்பட்டினம் நார்வேக்கும் வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடலில் போய் விழும். இத்தகைய பிழை பார்த்தவுடன் தெரிந்துவிடும், திருத்தவும் எளிது. நாகைக்கு வடக்கே நான்கு கல் தொலைவில் தவறாக இனங்காணப்பட்ட ஓர் ஊர் அவ்வாறு தெரிவதில்லை. மென்பொருள் இரண்டையும் ஒரே அளவுள்ள வட்டமாகவே வரைகிறது.

ஆனைமங்கலம்: புள்ளியாகாத ஊர்

முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006இல், நாகப்பட்டினத்துச் சூளாமணிவர்ம விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக அளித்த ஊர் ஆனைமங்கலம். ஸ்ரீவிசய மன்னர் எடுப்பித்த அவ்விகாரம் குறித்தும் இக்கொடை குறித்தும் கூறும் 21 ஏடுகள் லெய்டன் பெரிய செப்பேடு எனப்படும். அவற்றுள் 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. க்ஷத்ரியசிகாமணி வளநாட்டுப் பட்டினக் கூற்றத்தைச் சேர்ந்தது அவ்வூர். 97 வேலிக்குச் சற்று மிகுந்த நிலம் கொடையில் குறிக்கப்படுகிறது.

வழக்கமான அட்டவணையில் ஆனைமங்கலம் ஒரு வரிசையில் அடங்கிவிடும். நாகை வட்டாரத்தில் இன்றும் அப்பெயரில் ஊர் இருப்பதால் புள்ளியிடுவதிலும் இடர்ப்பாடு இல்லை. ஆனால் செப்பேட்டின் தமிழ்ப்பகுதியில் இடஞ்சார்ந்த செய்தி எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது எல்லை கூறும் நீண்ட பகுதியில் இருக்கிறது. அதிகாரிகளும் நாட்டாரும் கூடிப் பெண்யானையை ஊரைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு வரையறுத்த எல்லை அது. கிழக்கில் தொடங்கித் திசைதோறும் எந்த ஊர் நிலத்துக்கு எப்புறம், எந்த வாய்க்காலுக்கு எக்கரை, எவ்விடத்தில் எத்திசை நோக்கித் திரும்பியது என்று நடந்த வழியையே அது சொல்லிச் செல்கிறது. ஒவ்வொரு கூறும் ஒரு தொடர்பு: இவ்வூர், இத்திசையில், இன்னதைத் தொடுகிறது. முழுப்பகுதியிலும் ஆயத்தொலைவு என ஒன்று இல்லை. ஆயினும் அது துல்லியமற்றதன்று. நிலத்தில் நின்று நடப்பவர்க்கு அதைவிடத் துல்லியமான விவரிப்பு அக்காலத்தில் இயலாது.

இந்நான்கெல்லையை ஒரு புள்ளியாகச் சுருக்கும்போது செப்பேடு தந்த செய்தியில் ஏறத்தாழ அனைத்தும் நீங்கிவிடுகிறது. செப்பேடு தராத ஒன்று, அதாவது ஆயத்தொலைவு, மட்டும் எஞ்சுகிறது. இடஞ்சார் தரவுத்தளங்களும் ஒவ்வொரு வடிவத்துக்கும் நான்கு பக்கம் கொண்ட சூழ்சதுக்கம் ஒன்றை வைத்திருப்பது இங்கு நினைக்கத்தக்கது. 1984இல் அன்டோனின் குட்மன் முன்வைத்த ஆர்-மரம் என்னும் சுட்டி முறையின் வழிவந்த அச்சதுக்கத்தைக் கொண்டு, பொருந்தாத வரிசைகளை முதலில் விரைவாகக் கழித்துவிட்டு, எஞ்சியவற்றை மட்டுமே மென்பொருள் நுணுகிக் கணக்கிடுகிறது. பெயரளவில் ஒத்திருப்பினும் கல்வெட்டின் நான்கெல்லை அத்தகைய சதுக்கமன்று. அதன் ஒவ்வொரு பக்கமும் வளைந்து திரும்பும் ஒரு வரிசைத் தொடர். கீழ்பாலெல்லை என்ற தலைப்பின் கீழேயே வடக்கும் தெற்கும் நோக்கிய திருப்பங்கள் வரக்கூடும்.

அவ்வாறாயின் எல்லைக் கூற்றுகளை எவ்விதம் சேமிப்பது? அதற்குத் தொடர்புசார் தரவுத்தளமே மிகப் பொருத்தமானது என்பதும், ஒற்றை அட்டவணைப் பழக்கம் அதைப் பயன்படுத்தாமல் விட்டது என்பதும் இக்கட்டுரையின் முதன்மையான குறைகூறல். எல்லைக் கூற்றுக்கென ஓர் அட்டவணை அமைத்து, எந்தச் சான்று, எத்திசை, அத்திசையில் எத்தனையாவது கூற்று, தொடும் பொருள் ஊரா வாய்க்காலா வழியா, அதன் பெயர் என்ன, எப்புறம் என்பவற்றைப் புலங்களாக வைத்தால், ஒரு புள்ளிகூட இடாமலேயே பல வினாக்களுக்கு விடை பெறலாம். இரு ஊர்களுக்கும் பொதுவான வாய்க்கால்கள் எவை, ஒரு செப்பேட்டில் அண்டை ஊராக வருவது வேறொரு சான்றில் கொடை ஊராக வருகிறதா, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு எத்தனை எல்லைகளைக் கடக்கவேண்டும் போன்றவை அவற்றுட் சில. கடைசி வினாவுக்குத் தன்னைத்தானே மீள அழைக்கும் எஸ்க்யூஎல் வினவல் போதும். நிலப்படமே இல்லாத நிலையில் ஊர்களின் அண்மை வலை ஒன்று கிடைக்கிறது. அதன்பின் அவ்வலையில் ஓரிரு ஊர்களை ஐயமின்றி இனங்கண்டால், மற்றவை எங்கே இருந்திருக்கக்கூடும் என்பதற்கு வரம்பு பிறக்கும். பெயரொப்புமை ஒன்றையே நம்பிப் புள்ளியிடுவதைவிட இது உறுதியான வழி.

அடையாளங்காணல் என்னும் கூற்று

செப்பேட்டு ஆனைமங்கலம் இன்றைய ஆனைமங்கலமே என்பது ஓர் ஆய்வாளரின் முடிவு. அம்முடிவுக்குப் பெயரொப்புமை, அண்டை ஊர்கள், நாட்டுப் பெயர், ஊரில் உள்ள கோயிற் கல்வெட்டு எனப் பல அடிப்படைகள் இருக்கலாம். மற்றோர் ஆய்வாளர் மாறுபடலாம். ஆகவே ஆயத்தொலைவு சோழர்கால ஊரின் பண்பு ஆகாது. அவ்வூரை இன்றைய இடத்தோடு இணைக்கும் கூற்றின் பண்பு அது. வடிவப் புலம் இருக்கவேண்டிய இடம் அடையாளங்காணல் என்னும் தனி அட்டவணை. யார் இனங்கண்டது, எந்த அடிப்படையில், எவ்வளவு உறுதியோடு என்பவை அதே வரிசையில் அமையவேண்டும். ஓர் ஊருக்கு மூன்று அடையாளங்கள் முன்மொழியப்பட்டிருப்பின் மூன்று வரிசைகள் இருக்கும். எதுவும் முன்மொழியப்படாத ஊருக்கு வரிசையே இராது. ஆயினும் அவ்வூர் தரவுத்தளத்தில் தன் நாட்டோடும் சான்றோடும் முழுமையாக இருக்கும். ஒற்றை அட்டவணை முறையில் இடம் தெரியாத ஊர்களே முதலில் நீக்கப்படுகின்றன. அழிந்த ஊர்கள், பெயர் மாறிய ஊர்கள், கடல்கொண்ட ஊர்கள் ஆகியவை படத்திலிருந்து மட்டுமின்றி, அடர்த்தி குறித்த கணக்கிலிருந்தும் மறைந்துவிடுகின்றன. இன்றுவரை தொடர்ந்து மக்கள் வாழ்ந்த ஊர்களின் படத்தைச் சோழர்காலக் குடியிருப்புப் படமென்று வாசிக்கும் நிலை இதனால் உருவாகிறது.

ஆய்வாளர் ஒற்றை அட்டவணையை நாடுவதற்கு மென்பொருளும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கியூஜிஐஎஸ் ஓர் அடுக்குக்கு ஒரு வடிவப் புலத்தையும், ஒவ்வொரு வரிசைக்கும் மீண்டும் வராத திறவெண் ஒன்றையும் எதிர்பார்க்கிறது. ஆறு அட்டவணைகளாகப் பிரித்து வைத்த தரவு அப்படியே படமாகத் தோன்றாது. இதற்குத் தரவுத்தளத்தில் ‘வியூ’ எனப்படும் காட்சி அட்டவணை அமைப்பதே தீர்வு. ஊர், சான்று, நாட்டுச் சார்பு, அடையாளங்காணல் ஆகியவற்றைச் சேர்க்கும் வினவல் ஒன்றுக்குப் பெயரிட்டு வைத்தால், மென்பொருள் அதை அட்டவணையாகவே கருதித் திறக்கும். திறவெண்ணை மட்டும் சுட்டிக்காட்டவேண்டும். உறுதியான அடையாளங்களுக்கு ஒரு காட்சி, ஐயத்துக்குரியவற்றுக்கு மற்றொன்று என அமைப்பதும் எளிது. அரை நாள் உழைப்பை மிச்சப்படுத்துவதற்காகச் சான்றின் இயல்பையே மாற்றிவிடுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.

வெற்றுக் கட்டமும் தன்கூறும்

ஒரு புலத்தில் மதிப்பு இல்லை எனில் தரவுத்தளம் அதை நல் என்னும் வெறுமையாக வைக்கும். அவ்வெறுமைக்குப் பல பொருள் உண்டு என்பது தரவுத்தளவியலில் பழைய சிக்கல். கல்வெட்டுத் தரவில் அச்சிக்கல் தனி உருவம் கொள்கிறது. முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற உத்தரமேரூர், காலியூர்க் கோட்டத்தில் தன்கூற்று ஊராகக் குறிக்கப்படுகிறது. கோட்டத்துக்குள் உள்ள வேறு எந்தப் பிரிவுக்கும் உட்படாமல் தானே ஒரு கூறாக நின்ற ஊர் என்பது இதன் பொருள். பின்னாளில் தனியூர் என வழங்கும் பெரிய பிரமதேயங்களுக்கும் இத்தகு நிலை உண்டு. ஒற்றை அட்டவணையின் நாடு என்னும் புலத்தில் இவ்வூருக்கு எதை எழுதுவது? வெறுமையாக விட்டால், நாட்டுப் பெயர் சிதைந்துபோன கல்வெட்டு ஊரோடு இது ஒன்றாகிவிடும். அருகிலுள்ள நாட்டின் பெயரை நிரப்பினால், அவ்வூர் எந்த நிலையைத் தன் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்ததோ அந்நிலையே அழிந்துவிடும். பிந்தைய செயல் அறியாமையால் அன்றி, படத்தில் வண்ணமற்ற புள்ளி ஒன்று நிற்பது கண்ணை உறுத்துவதால் நிகழக்கூடியது என்பது கவலைக்குரியது.

சார்புக்கெனத் தனி அட்டவணை இருப்பின் இது சிக்கலே அன்று. ஊர், அது சார்ந்த அலகு, சார்பின் வகை, சான்று, ஆண்டு என்ற அமைப்பில் உத்தரமேரூர் காலியூர்க் கோட்டத்தை நேரடியாகச் சாரும். வகை தன்கூறு எனப் பதிவாகும்.

காலம் தனிப் புலமாதல்

வளநாடு இராசராசன் காலத்தில் தோன்றிய பிரிவு. பெரிய செப்பேட்டில் க்ஷத்ரியசிகாமணி வளநாட்டில் இருந்த பட்டினக் கூற்றம், முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில், 1090இல் வெளியிடப்பட்ட லெய்டன் சிறிய செப்பேட்டில் கேயமாணிக்க வளநாட்டில் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்குச் சோழகுலவல்லிப்பட்டினம் என்ற பெயரும் அங்கே வருகிறது. ஊர் நகரவில்லை, கூற்றத்தின் பெயரும் மாறவில்லை, மேலலகின் பெயர் மாறிவிட்டது. காலப் புலம் இல்லாத அட்டவணையில் பின்னர்ச் செய்த பதிவு முன்னதை அழிக்கும், அல்லது ஒரே ஊர் இருமுறை வந்து புள்ளியின்மேல் புள்ளியாக விழும். எண்ணிக்கையில் ஊர் ஒன்று கூடிவிட்டதைப் படம் காட்டிக்கொடுப்பதில்லை.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தொடக்கமும் முடிவும் கொண்ட வீச்சு என்னும் புலவகையை உடையது. ஒரே ஊருக்கு இரு சார்புகளின் காலவீச்சுகள் மேற்படியக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் அதில் இடலாம். நில உரிமைப் பதிவேட்டுக்கு அக்கட்டுப்பாடு இன்றியமையாதது. கல்வெட்டுத் தரவுக்கு அதை இடாமல் விடுவதே நன்று. பழைய பெயரும் புதிய பெயரும் சில காலம் உடன்வழங்கியிருந்தால், கட்டுப்பாடு மெய்யான சான்றையே பிழையென்று தள்ளிவிடும். ஆட்சியாண்டையும் அதற்கு இணையாகக் கணித்த கிறித்துவ ஆண்டையும் தனித்தனிப் புலங்களில் வைப்பதும் இதே காரணத்தால் தேவையாகிறது. முன்னது கல்லில் உள்ளது. பின்னது நம் கணிப்பு.

பரப்பு, கோல், பொய்த் துல்லியம்

ஊரை இனங்காண நிலப்பரப்பைத் துணைக்கொள்ளும் முயற்சிகள் உண்டு. பிற்காலத் தஞ்சை வழக்கின்படி வேலி ஒன்றுக்கு ஏறத்தாழ 6.67 ஏக்கர் எனக் கொண்டால், ஆனைமங்கலத்தின் 97 வேலி 260 ஹெக்டேர் அளவில் வரும். இன்றைய வருவாய்க் கிராமத்தின் பலகோணத்தை மென்பொருளில் அளந்து இதனோடு ஒப்பிடலாம் போலத் தோன்றும். முதலாவதாக, பலகோணம் 4326இல் இருந்தால் வடிவப் பரப்பைத் தரும் வினவல் சதுர பாகையில் விடை சொல்லும், அதற்குப் பொருளில்லை. 32644க்கு மாற்றியபின்பே அளக்கவேண்டும். இதைவிட அடிப்படையான சிக்கல் அளவுகோலில் உள்ளது. குழி என்பது ஒரு கோலின் சதுரம். சோழர் சான்றுகளில் 12 சாண், 16 சாண், 18 சாண் எனக் கோல்கள் வேறுபடுகின்றன. 12 சாண் கோலால் அளந்த குழிகளை 16 சாண் கோலுக்குரியவை எனக் கொண்டால் பரப்பு ஏறத்தாழ 1.78 மடங்காகிவிடும். ஒரு மாவுக்கு எத்தனை குழி என்பதும் இடத்துக்கிடம் மாறுவது. ஆகவே அளவின் எண், அலகு, கோல் ஆகிய மூன்றையும் சான்று சொல்லியவாறே சேமித்து, ஹெக்டேரை வினவலின்போது மட்டும் கணக்கிடுவதே முறை.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் கொடை ஊர்களின் நிலத்தைக் கூறும்போது ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு போன்றவற்றை நீக்கி, எஞ்சிய இறைகட்டும் நிலத்தையே குறிக்கின்றன. இன்றைய கிராமப் பலகோணம் அவை அனைத்தையும் உள்ளடக்கியது. ஒப்பிடப்படுவன ஒரே பொருள் அல்ல.

அக்கல்வெட்டுகளில் மா, காணி, முந்திரிகை, கீழ் என இறங்கி, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை பின்னம் செல்வதை வியந்து எழுதாத நூல்கள் குறைவு. சோழர் அத்துணை நுட்பமாக நிலம் அளந்தனர் என்பது அவ்வியப்பின் முடிவு. மேற்கண்ட பிற்கால வேலிக் கணக்கின்படி அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவே இருக்கும். எந்தக் கோலும் அதை அளக்காது. கழித்தலும் வகுத்தலும் செய்தபின் எஞ்சிய கணக்கு மிச்சம் அது. கணக்கரின் நேர்மைக்குச் சான்று, கோலின் நுட்பத்துக்குச் சான்றன்று. இன்றைய அட்டவணைகளில் ஆறு தசமத்துக்கு எழுதப்படும் ஆயத்தொலைவும் இதே இயல்பினது. ஆறாவது தசமம் தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். ஓர் ஊரின் நடுவே எங்கோ சொடுக்கியபோது மென்பொருள் தந்த எண் அது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஊரை ஒரு முழத்துக்கும் குறைவான பிழையோடு இனங்கண்டதாக அது கூறினால், வாசிப்பவர் நம்பவேண்டியதில்லை. ஆனால் மென்பொருள் நம்பும். அருகமைவு வினவல்களும் தொலைவுக் கணக்குகளும் அந்நம்பிக்கையின் மேல் எழுகின்றன. புள்ளியோடு பிழையாரம் என்ற ஒரு புலத்தை மீட்டரில் வைத்தால் போதும். புள்ளிக்குப் பதில் அவ்வாரமுள்ள வட்டத்தைக் கொண்டே வினவலாம்.

நிறைக்கப்பட்ட வெளி

நாடுகளுக்குப் புள்ளிகள் கிடைத்தபின் பலகோணம் வரையும் ஆசை எழுவது இயல்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் மிக அருகிலுள்ள நிலமனைத்தையும் அதற்கே பகிர்ந்தளிக்கும் தீசன் பலகோணங்களை கியூஜிஐஎஸ் நொடியில் வரைந்து தருகிறது. ஒரே நாட்டின் பலகோணங்களை இணைத்தால் நாட்டெல்லை தயார். படம் அழகாக இருக்கும், இடைவெளியே இராது. அவ்விடைவெளி இன்மைதான் தவறு. நாடு என்பது மேலிருந்து பங்கிடப்பட்ட நிலப்பரப்பாக அமையாமல், வேளாண் குடியிருப்புகள் ஒருங்கிணைந்ததால் உருவானது என்பதும், ஆறுகள் நாடுகளின் எல்லையாக அமையாமல் அவற்றினூடே பாய்ந்தன என்பதும், மாறாக வளநாடுகளுக்கு ஆறுகளே பெரும்பாலும் எல்லையாயின என்பதும் சுப்பராயலுவின் ஆய்வுவழி நிறுவப்பட்டவை. ஒரே கணித விதியால் நாட்டையும் வளநாட்டையும் வரையும்போது இவ்வேறுபாடு மறைகிறது. காடு, மேய்ச்சல் நிலம், பாசனம் எட்டாத மேடு ஆகியவையும் ஏதேனும் ஒரு நாட்டுக்குள் அடக்கப்பட்டுவிடுகின்றன.

இது வெறும் வரைபட அழகியல் சிக்கல் அன்று. பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலில் சோழ அரசைக் கூறாக்க அரசு என விளக்கியபோது, நாடுகளின் பரவலையும் அளவையும் தம் வாதத்துக்கு அடிப்படையாகக் கொண்டார். அதற்குச் சுப்பராயலுவின் ஆய்வைப் பயன்படுத்தினார். அவ்வாதத்தை மறுத்தவர்களும் அதே நாடு, வளநாட்டுத் தரவுகளையே எடுத்தாண்டனர். நாடுகள் ஒன்றையொன்று தொட்டு நிலம் முழுவதையும் மூடினவா, இடையே யாருக்கும் உட்படாத வெளி இருந்ததா என்பது சோழ அரசின் தன்மை குறித்த வினா. அதற்கான விடையை மென்பொருளின் இயல்புநிலைத் தெரிவு ஒன்று நமக்காகத் தீர்மானித்துவிட இடமளிக்கலாகாது.

வளநாட்டுக்கு ஆற்றை எல்லையாக வரைவதிலும் எச்சரிக்கை வேண்டும். அரிசிலுக்கும் காவிரிக்கும் நடுவே உள்ளதாக உய்யக்கொண்டார் வளநாடு குறிக்கப்படுவதைக் கண்டு, இன்றைய ஆற்றுக் கோடுகளை எடுத்து நடுவில் வண்ணம் பூசுவது எளிது. ஆனால் 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய மேலணைக்குப் பின்னும், 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணைக்குப் பின்னும் டெல்டாவின் நீரோட்டம் முன்போல் இல்லை. பழைய நில அளவைப் படங்களைத் துணைக்கொள்வோர் மற்றொன்றையும் கருதவேண்டும். அவை எவரஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. உரிய மாற்றமின்றி இன்றைய டபிள்யூஜிஎஸ் 84 படத்தின்மேல் அவற்றை வைத்தால் வாய்க்கால்கள் கண்ணுக்குத் தெரியுமளவு விலகி நிற்கும்.

தமிழெழுத்தும் அணுகலும்

தரவைச் சேமித்தல் என்பதற்குள் பிறர் அணுகுதலும் அடங்கும். ஆய்வேடுகளுடன் தரவு இணைக்கப்படும் அரிய இடங்களில்கூட அது ஷேப்ஃபைல் வடிவில் இருப்பதுண்டு. அவ்வடிவில் புலப்பெயருக்கு 10 பைட் மட்டுமே இடம். யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்வதால் மூன்று குறிகளுக்குமேல் நில்லாது. ‘வளநாடு’ என்ற தலைப்பு ‘வளந’ எனக் குறையும். ‘நாடு’, ‘நாட்டார்’ ஆகிய இரண்டும் ‘நாட’ ஆகிவிடும். உள்ளடக்கத்துக்கும் 254 பைட் வரம்பு உண்டு. எல்லைக் கூற்று ஒன்றைக்கூட அதில் முழுமையாக வைக்க இயலாது. இதனால்தான் பலரும் ஊர்ப்பெயர்களை உரோமன் எழுத்தில், அதுவும் ஒலிக்குறிகளின்றி எழுதுகின்றனர். ல, ள, ழ வேறுபாடு அழிந்த பெயரைக் கொண்டு தமிழூரை இனங்காண முற்படுவது வேடிக்கை. போஸ்ட்கிரெஸில் புலப்பெயருக்கு 63 பைட் உண்டு, அதாவது 21 தமிழ்க் குறிகள். உள்ளடக்கத்துக்கு நடைமுறையில் வரம்பில்லை. தனிக்கோப்பாகப் பகிர விரும்புவோர்க்கு ஜியோபேக்கேஜ் வடிவம் ஏற்றது.

கல்வெட்டு எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர, ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் தெரிவதில்லை. ஆகவே கல்லில் உள்ள வடிவம், பதிப்பாசிரியர் கொண்ட வடிவம், தேடலுக்காக ஆய்வாளர் ஒருமைப்படுத்திய வடிவம் என மூன்றும் தனித்தனியே வேண்டும். ஒருமைப்படுத்திய வடிவத்தை மட்டும் வைப்பவர், தம் வாசிப்பை மறுக்கும் வாய்ப்பை அடுத்தவருக்கு மறுக்கிறார்.

வண்ணப்படம் ஆய்வேட்டில் அச்சாகி, தரவுக்கோப்பு ஆய்வாளரின் கணினியோடு மறைந்துபோகும் நிலையில், புறத்தேர்வாளர் எதைச் சரிபார்ப்பார்? தென்னிந்தியக் கல்வெட்டுகள் 2ஆம் தொகுதியின் எண்ணோ எபிகிராபியா இண்டிகா 22ஆம் தொகுதியின் பக்கமோ தராத கல்வெட்டு மேற்கோளை எந்த ஆய்விதழும் ஏற்பதில்லை. நிலப்படத்துக்கு அத்தகைய மேற்கோள், அப்படத்தை ஈன்ற வினவலே. எந்த அடையாளங்காணல்கள், எந்த உறுதிநிலைக்குமேல், எந்தக் காலவீச்சுக்குள் எடுக்கப்பட்டன என்பதைச் சொல்லும் எஸ்க்யூஎல் வரிகள் பத்துக்கு மேற்படா. அவற்றைப் படத்தின் அடியிலும், அட்டவணைகளைப் பல்கலைக்கழக நூலகத்தின் எண்ணிமக் களஞ்சியத்திலும் ஆய்வேட்டோடு சேர்த்து வைக்கலாம். அப்போது ஆனைமங்கலத்தின் எல்லையில் வரும் ஓர் ஊரை வேறிடத்தில் இனங்காணும் ஆய்வாளர், முழுப்படத்தையும் மீள வரையாமல், அடையாளங்காணல் அட்டவணையில் தம் பெயரோடு ஒரு வரிசையைச் சேர்த்துவிட்டு அதே வினவலை மீண்டும் இயக்குவார்.